முதல் டரான்டுலா: எது என்பதா, எங்கிருந்து என்பதா?

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ், கண்ணாடித் தொட்டி மீன் என்று இருந்த செல்லப்பிராணிப் பட்டியலில் எட்டுக்கால் பூச்சியும் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மூலையில் ஒட்டடை கட்டுகிற சாதாரணச் சிலந்தி அல்ல. உள்ளங்கை அகலத்துக்கு வளரும், உடம்பு முழுக்க ரோமம் கொண்ட டரான்டுலா! ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதை வளர்ப்பவர்கள் ஏராளம். இணையத்தில் படம் பார்த்துவிட்டு நம் ஊர் இளைஞர்களுக்கும் ஆசை வருகிறது. ஆசை வந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "புதுசா வளர்க்கிறவனுக்கு எந்த வகை நல்லது?"

கேள்வி நியாயமானது. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, "இந்தச் சிலந்தி எங்கிருந்து வந்தது?" என்பது. இதற்குப் பதில் தெரியாமல் வகையைத் தேர்ந்தெடுப்பது, பத்திரத்தைப் பார்க்காமல் மனையில் எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம் என்று யோசிப்பது மாதிரி. தாம்பரம், முடிச்சூர் பக்கம் மனை வாங்கியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

பட்டியல் என்ன சொல்கிறது?

முதலில் வழக்கமான பதிலைப் பார்த்துவிடலாம். உலகத்தில் டரான்டுலா குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வளர்ப்பவர்கள் இவற்றை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வட, தென் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை ஒரு பக்கம். ஆசியா, ஆப்பிரிக்கா பகுதிகளைச் சேர்ந்தவை மறுபக்கம்.

அமெரிக்க வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் நுண்ணிய அரிப்பு ரோமங்கள் உண்டு. மிரண்டால் பின்னங்காலால் அதை உதறிவிடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். ஆனால் இந்த ஆயுதம் இருப்பதால் கடிப்பது அவற்றுக்குக் கடைசி வழிதான். பல இனங்கள் நிதானமானவை, விஷமும் மிதமானது. ஆசிய, ஆப்பிரிக்க வகைகளுக்கு இந்த அரிப்பு ரோமம் கிடையாது. அதற்குப் பதில் வேகம் அதிகம், கடி கடுமை. டரான்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான மருத்துவப் பதிவு இல்லை என்றாலும், நம் நாட்டு மரவாழ் வகைகள் கடித்தால் நாள் கணக்கில் தசைப்பிடிப்பு வருவதுண்டு.

அதனால் புதியவர்களுக்கு அமெரிக்கத் தரைவாழ் வகைகளைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் டரான்டுலா, மத்திய அமெரிக்காவின் சுருள்முடி டரான்டுலா, சிலி நாட்டு ரோஸ் டரான்டுலா. இந்த மூன்று பெயரும் இல்லாத பட்டியலைப் பார்ப்பது அரிது. மெதுவாக நகரும், சில வாரம் பட்டினி கிடந்தாலும் தாங்கும், சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

வகை மட்டும்தான் பிரச்சினை என்றால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் இந்தப் பட்டியல் லண்டனிலோ டெக்சாஸிலோ இருப்பவருக்கு எழுதப்பட்டது. சேலையூரில் இருப்பவருக்கு அல்ல.

அருப்புக்கோட்டைக்கு வந்த பார்சல்

2021 ஜூலையில் சென்னையில் வெளிநாட்டுத் தபால் வழியாக வந்த ஒரு பார்சலைச் சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்த்தார்கள். போலந்திலிருந்து வந்தது. அருப்புக்கோட்டை முகவரி. உள்ளே கட்டைவிரல் அளவுள்ள சின்ன மருந்துக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றி ஒரு சிலந்தி, உயிரோடு. மொத்தம் 107!

வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும், இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகளும் வந்து பார்த்தார்கள். மெக்சிகோ சிவப்பு முழங்கால் டரான்டுலா சேர்ந்த பிராக்கிபெல்மா என்ற பேரினமும் அதில் இருப்பதாகச் சொன்னார்கள். இறக்குமதி உரிமமும் இல்லை, சுகாதாரச் சான்றும் இல்லை. பறிமுதல் செய்து, வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப அஞ்சல் துறையிடம் ஒப்படைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் குப்பிகளில் இருந்தது ஏதோ பயங்கரமான அபூர்வ வகை மட்டும் அல்ல. "புதியவர்களுக்கு மிக நல்லது" என்று எல்லாப் பட்டியலும் சொல்கிற அதே பேரினமும் இருந்தது. ஆக, சாதுவான வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டதாலேயே தேர்வு சரியாகிவிடாது.

பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும் 1994லிருந்தே சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மெக்சிகோவில் அளவுக்கு மீறிப் பிடித்து விற்றதுதான் காரணம். சுருள்முடி டரான்டுலாவுக்கு விஞ்ஞானிகள் பின்னர் பேரினப் பெயரை மாற்றினார்கள். பெயர் மாறினாலும் கட்டுப்பாடு மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் நம் நாட்டுச் சட்டம் வெளிநாட்டு உயிரினங்களைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பிறகு கேட்க ஆள் இல்லை. 2020ல் மத்திய அரசு, "வைத்திருப்பவர்கள் தாங்களாகவே சொல்லிவிடுங்கள்" என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தது. பிறகு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022ல் திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சைட்டீஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்காகவே நான்காம் அட்டவணை என்று தனியாக ஒன்று வந்தது. அதில் உள்ள உயிரினத்தை உயிரோடு வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்துவிட்டன. பரிவேஷ் என்ற அரசு இணையதளம் வழியாகப் பதிவு. கைமாறினாலும், குட்டி போட்டாலும், செத்துப்போனாலும் தெரிவிக்க வேண்டும்.

டரான்டுலாவின் குட்டி என்றால் ஒரு முட்டைப் பையில் நூற்றுக்கணக்கில்! பதிவு செய்யும் அதிகாரி பாவம்.

வேடிக்கை இருக்கட்டும். ஒருவர் கொரியரில் ஒரு டப்பா அனுப்புகிறார், பில் இல்லை, இறக்குமதித் தாள் இல்லை, "இங்கேயே பிரீட் பண்ணினது சார்" என்ற வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது என்றால், அது கடத்தல் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக இருக்கலாம். வாங்குகிற மாணவருக்கு அது செல்லப்பிராணி. சட்டத்துக்கு அது பதில் சொல்ல வேண்டிய பொருள். 107 குப்பிகளில் வந்தது பிடிபட்டதால் தெரிந்தது. பிடிபடாமல் வந்தது எத்தனை என்று யார் சொல்வது?

நம் பக்கத்து நீலச் சிலந்தி

இன்னொரு பக்கமும் உண்டு. வெளிநாட்டுச் சிலந்தி இங்கே வருவது போல, நம் சிலந்தி அங்கே போயிருக்கிறது.

1899ல் பொகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ஒரு சிலந்தியை விவரித்தார். மின்னும் நீலம், நடுநடுவே மஞ்சள் புள்ளிகள். கிடைத்த இடம் இன்றைய ஆந்திராவின் குத்தி. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையில் உள்ள ஊர்தான். ரயிலுக்காக வெட்டி வைத்திருந்த கட்டையின் பொந்தில் இருந்ததாம். விறகோடு எங்கிருந்தோ வந்து சேர்ந்ததை ஊர்க்காரன் என்று நினைத்துவிட்டார்கள்! அதன்பின் நூறு வருடம் அதைப் பற்றிப் பேச்சில்லை. 2001ல்தான் குத்தியிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியால் கித்தலூர் காட்டில் மறுபடி கண்ணில் பட்டது. பொயிசிலோதீரியா மெட்டாலிகா என்பது விஞ்ஞானப் பெயர்.

கண்ணில் பட்ட சில வருடங்களுக்குள் வெளிநாட்டுச் சந்தையில் அது விலைக்கு வந்துவிட்டது. இன்று ஐரோப்பாவில் ஆசைக்கு வளர்ப்பவர்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிக் கிடக்கிறது. அதன் சொந்தக் காட்டிலோ 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் ஒடுங்கிக் கிடக்கிறது. 2008ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மிக அருகிவிட்ட இனம் என்று அறிவித்தது. மரம் வெட்டுவதும், செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடிப்பதும் காரணங்கள்.

நம் ராமேஸ்வரத்துக்கும் இதே கதைதான். அனுமவிலாசம் கோயில் தோப்பில் கிடைத்த ஒரு டரான்டுலாவுக்கு 2004ல் அந்தக் கோயில் பெயரையே வைத்தார்கள். புளியமரப் பொந்திலும் தென்னை, பனை மட்டை இடுக்கிலும் வாழ்வது. தீவிலும் அதை ஒட்டிய கரையிலும் மட்டுமே இருப்பதாக நினைத்தார்கள். பிற்பாடு கடலுக்கு அந்தப்புறம் மன்னாரிலும் இருப்பது தெரிந்தது. இதுவும் மிக அருகிவிட்ட இனம். தோப்பை வெட்டி லாட்ஜ் கட்டினால் அது போக வேறு இடம் இல்லை.

2019ல் இந்தப் பொயிசிலோதீரியா பேரினம் முழுவதையும் சைட்டீஸ் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்தன.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். "கூண்டில் வளர்ந்ததை வாங்கினால் காட்டில் பிடிப்பது குறையும் அல்லவா?" என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. உண்மையிலேயே கூண்டில் பிறந்ததாக இருந்து, அதற்குத் தாளும் இருந்தால் வாதம் நிற்கும். ஆனால் போலந்தில் ஒரு அலமாரியில் ஆயிரம் நீலச் சிலந்தி பிறந்தாலும் நந்தியால் காட்டில் ஒரு மரம்கூட அதனால் பிழைக்கப் போவதில்லை. அலமாரியில் பிறந்தது காட்டுக்குத் திரும்புவதும் இல்லை. அதோடு, தாள் இல்லாத சந்தையில் காட்டில் பிடித்ததையும் கூண்டில் பிறந்ததையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாது. விற்பவருக்கு அது வசதி.

தாம்பரம் வீட்டில் ஒரு டரான்டுலா

சரி, தாள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது வீடு.

முதல் எதிரி எறும்பு. தோலுரிக்கும் நேரத்தில் டரான்டுலா மல்லாக்கப் படுத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். புதிதாக வளர்ப்பவர் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவதும் உண்டு. அந்த நேரத்தில் அதன் உடம்பு பச்சைப் பிள்ளை மாதிரி மிருது. எறும்பு வரிசை வந்தால் கதை முடிந்தது. எறும்புச் சாக்பீஸால் கோடு போடலாமா? கூடாது. எறும்பைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும். பாட்டி காலத்தில் பால் சட்டி வைத்த அலமாரியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதுதான் சரியான வழி.

இரண்டாவது எதிரி கொசு. கொசுவை விட, கொசுவுக்கு எதிராக நாம் செய்யும் யுத்தம். சுருள், பிளக்கில் மாட்டும் திரவம், தெருவில் மாநகராட்சி அடிக்கும் புகை எல்லாமே பூச்சி மருந்து. கொசு மருந்து இல்லாமல் மழைக்காலத்தில் பெருங்களத்தூரில் தூங்க முடியுமா? சிலந்திக்காக வீடே கொசுக்கடி வாங்க வேண்டுமா? அம்மா என்ன சொல்வார்கள் என்று யோசித்தாலே போதும். "அந்தப் பூச்சி இருக்கட்டும், நான் உங்க மாமா வீட்டுக்குப் போறேன்டா" என்பார்கள்.

மூன்றாவது, உணவு. வளர்ந்த டரான்டுலாவுக்கு வாரம் ஒரு சில்வண்டோ கரப்பானோ போதும். செலவே இல்லை என்று தோன்றும். ஆனால் வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடக் கூடாது. அது எந்த வீட்டில் எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ! உணவுப் பூச்சிகளையும் தனியாக வளர்க்க வேண்டும். ஆக, ஒரு சிலந்தி வாங்கினால் கூடவே ஒரு கரப்பான் பண்ணை இலவசம்.

நான்காவது, வெயிலும் வெள்ளமும். மே மாதம் மீனம்பாக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மூடிய கண்ணாடிப் பெட்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும். வெளிநாட்டுக் கையேடுகள் பெட்டியைச் சூடாக்கச் சொல்லித்தருகின்றன. இங்கே தேவை நிழல், காற்றோட்டம், எப்போதும் தண்ணீர் உள்ள ஒரு சின்ன மூடி. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு படகில் ஏறினார்கள். படகில் ஏறும்போது சிலந்திப் பெட்டியையும் தூக்கிக்கொள்ளத் தயாரா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதுதான் பெரியது: ஆயுள். ஆண் டரான்டுலா பருவமடைந்த பின் பெரும்பாலும் ஓரிரு வருடத்துக்குள் இறந்துவிடும். பெண் சிவப்பு முழங்கால் 20 வருடத்துக்கு மேல் வாழும். பத்தொன்பது வயதில் விடுதி அறையில் வாங்கினால், நாற்பது வயது வரை அது கூடவே இருக்கும். வேலை பெங்களூருவிலா துபாயிலா? வாடகை வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? பெண் பார்க்கப் போன இடத்தில், "பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லீங்க, ஒரு எட்டுக்கால் பூச்சி மட்டும் இருக்கு" என்று யார் சொல்வது? வேண்டாம் என்று தோன்றினால் கொண்டுபோய் விடவும் இடம் கிடையாது. வெளிநாட்டு உயிரை நம் புதரில் விடுவது அதற்கும் கேடு, புதருக்கும் கேடு.

இத்தனைக்கும் பதிலாக அது தருவது என்ன? டரான்டுலாவுக்கு வளர்ப்பவரைத் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது. கையில் எடுத்து விளையாட அது நாய்க்குட்டி இல்லை. கையிலிருந்து தவறி விழுந்தால் வயிறு வெடித்துச் செத்துப்போகும். படம் எடுத்துப் போடுவதற்காகத் தோளில் ஏற்றிக்கொள்பவர்கள் அதன் உயிரோடு விளையாடுகிறார்கள். டரான்டுலா வளர்ப்பது என்றால் டரான்டுலாவைப் பார்ப்பது. அவ்வளவுதான். பார்ப்பதில் ஆனந்தம் இருப்பவருக்கு மட்டுமே அது.

அப்படியானால் முதல் சிலந்தி எது?

பார்ப்பதுதான் பொழுதுபோக்கு என்றால், அதற்கு போலந்து வரை போக வேண்டியதில்லை.

தாம்பரத்துக் குளியலறைச் சுவரில் இரவில் அகலமாகக் கால் பரப்பி உட்கார்ந்திருக்குமே, வலை கட்டாத பெரிய பழுப்புச் சிலந்தி, அது கரப்பானைத் துரத்திப் பிடிப்பதைப் பார்த்ததுண்டா? பெண் சிலந்தி வெள்ளை வட்டு மாதிரி முட்டைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாள் கணக்கில் சாப்பிடாமல் திரியும். ஜன்னல் ஓரம் குதிக்கும் குட்டிச் சிலந்தி தலையைத் திருப்பி நம்மையே உற்றுப் பார்க்கும். வேலியில் பெருக்கல் குறி போட்ட மாதிரி கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்காரும் சிலந்தி, வலையின் நடுவே வெள்ளை நூலால் கையெழுத்துப் போட்டு வைக்கும். கிழக்குத் தாம்பரத்தில் 350 ஏக்கருக்கு மேல் பரந்த கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காடு, நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரம், ஏரிக்கரை, மொட்டை மாடித் தொட்டிச் செடி, எங்கும் சிலந்திதான். காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. எடுத்து வரத் தேவையும் இல்லை.

சிலந்தியை மதிப்பது தமிழருக்குப் புதிதும் அல்ல. திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் பந்தல் போல வலை கட்டிய சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பது தல புராணம். காளத்தியின் பெயரிலேயே சிலந்தி இருக்கிறது. கோயிலில் கும்பிடும் சிலந்தியை வீட்டில் கண்டால் செருப்பைத் தேடுகிறோம். டரான்டுலாவுக்கு ஆசைப்படும் இளைஞரிடம் உள்ள நல்ல குணமே அந்தச் செருப்பைத் தேடாததுதான். அந்தக் குணம் வீணாகக் கூடாது.

எனவே வரிசை இப்படி இருப்பதே சரி. முதல் வருடம் ஒரு நோட்டுப் புத்தகமும் வீட்டுச் சிலந்தியும். எப்போது சாப்பிட்டது, எப்போது சட்டை உரித்தது, எங்கே ஒளிந்தது என்று எழுதி வர வேண்டும். ஒரு வருடம் சலிக்காமல் எழுத முடிந்தவருக்கு இருபது வருடம் ஒரு டரான்டுலாவைக் காப்பாற்றும் பொறுமை இருக்கலாம். அப்போதும் ஆசை தீரவில்லை என்றால், சுருள்முடி டரான்டுலா ஒன்று. கூண்டில் பிறந்தது, பில்லும் இறக்குமதி வழியும் தெளிவாக உள்ளது, பதிவு செய்யக்கூடியது. நீலச் சிலந்தியும் அதன் உறவுகளும் எந்த விலைக்கும் வேண்டாம். தாள் கிடைக்கவில்லை என்றால் சுருள்முடியும் வேண்டாம்.

ஆறாவது விரலை நீட்டி "இதையெல்லாம் யார் சார் பார்க்கப் போறாங்க?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். யாரும் பார்க்காத இடத்தில்தான் 107 உயிர்கள் மருந்துக் குப்பிக்குள் ஏறின. அந்தக் குப்பிகளை நிரப்பியது விற்பவர் மட்டும் அல்ல, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பிப் பணம் அனுப்பக் காத்திருக்கும் வாடிக்கையாளரும்தான்.